கடைமடைக்காரரின் நாற்று

வாய்க்காலின் கடைசி வயல் அவருடையது. அதனால் அவரைக் கடைமடைக்காரர் என்பார்கள். அது முகத்துக்கு நேரே சொல்கிற பெயர். முதுகுக்குப் பின்னால் சொல்கிற பெயர் 'சரிங்க'. யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து முதலில் வருவது அந்தச் சொல்தான். பஸ்ஸில் ஒருவன் அவர் காலை மிதித்துவிட்டு, "காலை இப்படியா நீட்டுறது?" என்று அவரையே அதட்டியபோதும் "சரிங்க" என்று காலை இழுத்துக்கொண்டவர் அவர்.

சோம்பேறி என்று அவரை யாரும் சொல்ல முடியாது. வரப்பு வெட்டினால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். ஆனால் பயந்தவர். மற்றவர்களுக்குப் பசி வருவதைப் போல அவருக்குப் பயம் வேளாவேளைக்கு வரும். நாய்க்குப் பயம், இடிக்குப் பயம், ஆபீஸ் படிக்கட்டுக்குப் பயம். சத்தமாகப் பேசுகிறவர்களிடம் பயம், ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே இருப்பவர்களிடம் அதைவிடப் பயம்.

இருந்தாலும் அந்த வாய்க்காலில் புதிய நெல்லை முதலில் பயிரிட்டவர் அவர்தான். அதற்குத் துணிச்சல் காரணமில்லை. மறுத்துச் சொல்லப் பயந்ததுதான் காரணம்.

வாய்க்கால் சங்கத்துக்கு ஒரு தகரக் கூரைக் கட்டடம் உண்டு. அங்கே ஒரு நாள் வேளாண்மை ஆபீசிலிருந்து ஒரு ஆபீசரம்மா வந்து பேசினார். சின்ன வயது, ஸ்கூட்டரில் வந்த புழுதி முகத்தில் அப்படியே இருந்தது. பழைய நெல்லைவிட ஒன்றரை மாதம் முன்னதாக அறுவடைக்கு வருகிற குட்டை ரகம் ஒன்று வந்திருக்கிறது என்றார். வாய்க்காலில் தண்ணீர் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகிறது, பருவக் கடைசியில் கீழ் வயல்களுக்கு எட்டுவதே இல்லை, தண்ணீர் நிற்பதற்குள் விளைந்துவிடுகிற நெல் இது என்றார். யாராவது ஒருவர் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுவிட்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

எல்லோரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். விவரம் தெரிந்தவர்கள். கடைமடைக்காரர் மட்டும் ஆபீசரம்மாவைப் பார்த்துவிட்டார்.

"நீங்க போடுறீங்களா, ஐயா?"

"சரிங்க."

கொடுத்த மூட்டையில் அவருடைய முழு நிலத்துக்கும் ஆகிற விதை இருந்தது. பாதி போதும் என்று சொல்லத்தான் நினைத்தார். சொன்னால் மூட்டையைப் பிரிக்க வேண்டும், வேறு சாக்கு தேட வேண்டும், எல்லோரும் அவருக்காகக் காத்து நிற்க வேண்டும். அத்தனை பேர் கண்ணும் தன்மேல் இருக்கும் என்று நினைத்ததுமே மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி மூட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"பாதி நிலத்துக்குன்னு கேட்டிருக்கலாம்ல?"

"கேக்கலாம்னுதான் இருந்தேன்."

"அப்புறம்?"

"கூட்டமா இருந்துச்சு."

அவள் மூட்டையின் ஒரு முனையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். இருபது வருஷம் குடும்பம் நடத்தியவள்.

இந்த நெல் விளைந்தே ஆக வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். முந்தைய இரண்டு பருவமும் கதிரில் பால் ஏறுகிற சமயத்தில் தண்ணீர் நின்றுபோய், அறுத்ததில் முக்கால்வாசி பதராகப் போயிருந்தது. மனைவியின் தம்பி, சைக்கிள் கடை வைத்திருக்கிறவன், நகரத்தில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் காவல்காரர் வேலை பேசி வைத்திருந்தான். இந்தப் பருவ அறுவடை வரைக்கும் காத்திருப்பதாகக் கட்டடத்துக்காரர் சொல்லியிருந்தார். கடைமடைக்காரர் ஒரு தடவை அங்கே போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். தங்குவதற்கு மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஒரு அறை. அதில் நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். கார் ஹாரன் அடித்த கணத்தில் இரும்புக் கதவைத் திறக்க வேண்டும். அடிக்கிறவர்கள் பொறுமையாக அடிக்கிறவர்கள் இல்லை. நிலத்தை விட்டுவிட்டு, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு அந்தப் படிக்குக் கீழே போய்க் குடியிருப்பதை நினைத்தாலே எழுந்து வயல் பக்கம் போய்விடுவார்.

"இந்த வருஷமும் கவுத்திருச்சுன்னா பேசாம கெளம்பிருங்க மாமா," என்பான் மச்சினன். "அங்க உங்களுக்கு ஏத்த வேலைதான். நாளெல்லாம் சரிங்க சரிங்கன்னு சொன்னாப் போதும். அதுக்குத்தான் ஆள் தேடுறாங்க."

அந்த வாய்க்காலில் ஒரு முறை உண்டு. தண்ணீர் முதலில் வருகிற இடம் என்பதால், நாற்றங்கால் எல்லோருக்கும் தலைமடைக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆளுக்கு ஒரு பாத்தி. எல்லோரும் ஒரே நாளில் விதைப்பார்கள். பிறகு தண்ணீர் மேலிருந்து கீழாக வயல் வயலாக இறங்கும். மேல் வயலில் தண்ணீர் கட்டி, சேறடித்து, நட்டு முடித்த பிறகு அதன் மடையை அடைப்பார்கள். அப்புறம்தான் அடுத்த வயலின் மடை திறக்கும். நடவுப் பெண்களும் தண்ணீரோடு கூடவே இறங்கி வருவார்கள். கடைமடைக்கு வந்து சேர ஒரு மாதத்துக்கு மேலாகிவிடும். பழைய நெல்லின் நாற்று அதற்கெல்லாம் அசராது. நாற்றங்காலில் எவ்வளவு முற்றினாலும் பிடுங்கி நட்டால் மறுபடி பக்கத்து முளைகள் விட்டுத் தூர் கட்டி எழுந்துவிடும். அதனால் முதலில் நடுகிறவரும் கடைசியில் நடுகிறவரும் ஒரே நாளில் விதைப்பதில் அதுவரை யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்லை.

கடைமடைக்காரரும் அந்த நாளிலேயே புதிய நெல்லை விதைத்தார். மூட்டை கொடுத்தபோது ஆபீசரம்மா, மூன்று வாரத்தில் நட்டுவிட வேண்டும் என்று சொல்லத்தான் செய்தார். அது இவர் காதில் விழவும் செய்தது. ஆனால் விதைக்கிற நாளையே தள்ளிப்போட வேண்டும் என்பது அதற்குள் அடங்கியிருந்தது இவருக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும், ஊரே விதைக்கிற அன்றைக்குச் சும்மா நிற்பதும், ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதும் அவரால் ஆகிற காரியமில்லை.

நாற்று அடர்த்தியாக, கரும்பச்சையாக வந்தது. ஒரு நாள் ஆபீசரம்மா ஸ்கூட்டரை வரப்போரம் நிறுத்திவிட்டு வந்து, பாத்தி அருகே உட்கார்ந்து ஒரு நாற்றைப் பிடுங்கினார். அடித்தண்டை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"எப்ப நடுறீங்க, ஐயா?"

"முறை வரும்போதுங்க."

"முறை எப்ப வரும்?"

கடைமடைக்காரர் கையை நீட்டிக் காட்டினார். தண்ணீர் இரண்டாவது வயலில் நின்றது. தலைமடை வயலும் அந்த இரண்டாவது வயலும் ஒருவருடையவை. அதற்குக் கீழே நான்கு வயல், அப்புறம்தான் இவருடையது. ஆபீசரம்மா ஒவ்வொரு வயலாகப் பார்த்துக்கொண்டே போய்க் கடைசியில் நின்றார்.

"இது காத்திருக்காதுங்க. இந்த வாரம் போச்சுன்னா நாத்தங்கால்லயே கணு விட்டுரும். அப்புறம் நட்டாலும் தூர் கட்டாது. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கதிரை விட்டுட்டு அப்படியே நின்னுரும்."

"சரிங்க."

"சரியில்லைங்க, ஐயா. மேல இருக்கிறவர்கிட்ட முறையை மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க. தண்ணி விஷயத்துல நான் வாயைத் திறந்தா ஆபீஸ்ல இருந்து வந்து அதிகாரம் பண்றாங்கன்னு வேற சண்டை வரும். நீங்க கேட்டாத்தான் சரியா இருக்கும்."

ஸ்கூட்டர் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். மேலே இருக்கிறவர் என்றால் தலைமடைக்காரர். ஆறடி ஆள். அவர் வீட்டில் பேசுவது ரோட்டில் கேட்கும். முன்பொரு தடவை முறை மாற்றி மடையைத் திறந்த ஒருவனிடம் மண்வெட்டியை வாங்கி, காம்பை முழங்காலில் வைத்து முறித்து, இரண்டு துண்டையும் மரியாதையாக அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தவர். அடித்திருந்தால்கூட ஊர் மறந்திருக்கும். அந்த மரியாதையை யாரும் மறக்கவில்லை.

மறுநாள் காலை மனைவி துவைத்த சட்டையை எடுத்துக் கொடுத்து அனுப்பினாள். போகிற வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். "அண்ணே, என் நாத்து முத்திப் போகுது, ஒரே ஒரு நாள் தண்ணி விட்டீங்கன்னா போதும்." அவ்வளவுதான். ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடியது.

தலைமடைக்காரர் முற்றத்தில் மருந்தடிக்கிற மிஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலடியில் நாய் படுத்திருந்தது. அது தலையைத் தூக்கி இவரைப் பார்த்தது.

"வாப்பா. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லைங்கண்ணே. இந்தப் பக்கம் வந்தேன்."

"சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்க. இந்தக் குழாயை இப்படிப் பிடி. விடாத."

பிடித்தார். தலைமடைக்காரர் திருகாணியை முறுக்கினார், திட்டினார், மறுபடி கழற்றினார். வாசரைக் கொடுத்த கடைக்காரனை, அதைச் செய்த கம்பெனியை, இதை வாங்கச் சொன்ன தம்பியை ஒவ்வொருவராக வைதார். நாய் எழுந்து வந்து இவருடைய முழங்காலை முகர்ந்தது. கடைமடைக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு குழாயைப் பிடித்திருந்தார். மிஷின் ஒரு வழியாகச் சீறித் தண்ணீரை அடித்தபோது இவருடைய சட்டை முழுக்க நனைந்துபோயிருந்தது.

"நல்ல ஆளுப்பா நீ. நாளைக்கு நம்ம வரப்பு ஒண்ணு ஒடைஞ்சு கிடக்கு, வந்து போட்டுக் குடுத்துரு. உன்ன மாதிரி இங்க எவன் வரப்பு வெட்டுறான்?"

"சரிங்க."

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றாள்.

"பேசினீங்களா?"

"பேசினேன்."

"என்ன சொன்னாரு?"

"மருந்தடிக்கிற மிஷின்ல வாசர் போயிருச்சாம்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சைக்கிள் டியூப்போடு வந்திருந்த மச்சினன், "நாளைக்கு அவர் வீட்டுக்கு வெள்ளையடிச்சுக் குடுத்துட்டு வந்துருங்க மாமா. அப்படியே தண்ணியும் கேட்ட மாதிரி இருக்கும்," என்றான். யாரும் சிரிக்கவில்லை, அவனும்தான்.

அடுத்தபடியாக அவர் நடவக்காவிடம் போனார். நடவுப் பெண்களைக் கூட்டி வருகிறவள் அவள். பெயர் என்னவோ இருந்தது, எல்லோருக்கும் நடவக்காதான். அவளிடம் மட்டும் அவருக்குக் கொஞ்சம் பேச வரும். அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் வேலை செய்துகொண்டே பேசுவாள் என்பதால் இருக்கலாம்.

"நடுறதுக்கு நான் வரமாட்டேன்னா சொல்றேன், தம்பி? சேறு இருந்தா நட்டுட்டுப் போறேன். தண்ணிக்கு நான் எங்க போறது? அந்த மனுஷன் மடையைத் தொட்டா என் கூட்டத்துக்கே அடுத்த வருஷம் வேலை இருக்காது."

"சரிங்கக்கா."

"சரியாம்ல. வாயில அது ஒண்ணுதான் இருக்கு."

மூன்று நாள் போயிற்று. தினமும் காலையில் போய் ஒரு நாற்றைப் பிடுங்கி நகத்தால் கீறிப் பார்த்தார். எதைத் தேட வேண்டும் என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. தண்டுக்குள் கொஞ்சம் கெட்டியாக எது தட்டுப்பட்டாலும் கணு என்று நினைத்து வியர்த்துப்போவார். சோற்றில் கை வைத்தால் கண்முன்னே அந்த மாடிப்படி அறைதான் வரும். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "நகரத்துக்குப் போனா எனக்கு எந்த ஸ்கூல்ப்பா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அவர் எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நல்ல உச்சிவெயில். மடையைத் திருட்டுத்தனமாக மாற்றுகிறவர்கள் இருட்டில்தான் செய்வார்கள். இவருக்கு இருட்டென்றாலும் பயம். அதனால் எல்லோரும் சாப்பிடப் போகிற வேளையில், ஒருவரும் இல்லாத வரப்பில், நிழல் காலடிக்குள் சுருண்டு கிடக்க நடந்து போனார். இரண்டாவது வயலின் மடை வாய் திறந்திருந்தது. தண்ணீர் அதற்குள் வழிந்து போய்க்கொண்டிருந்தது. அதைத் தொட்டுவிடாமல் சுற்றி ஒரு தடவை நடந்தார். திரும்பிப் போய்விடலாம் என்று பாதி தூரம் வந்தார். அப்புறம் ஓடாத குறையாகப் போய், கண்ணை மூடிக்கொண்ட மாதிரி ஒரு வெட்டு மண் எடுத்து அந்த வாயில் போட்டார். இன்னொரு வெட்டு. இன்னொன்று. காலால் மிதித்தார்.

தண்ணீர் தயங்கி நின்று, பிறகு கீழே திரும்பியது.

அது போகிற சத்தம் அவருக்கு ஊரைக் கூட்டுகிற சத்தமாகக் கேட்டது. காய்ந்த வாய்க்காலில் சருகுகளைத் தள்ளிக்கொண்டு அது முன்னால் போக, இவர் அதன் பின்னால் போனார். கீழ் வயல்காரர்கள் நான்கு பேருடைய மடைகளும் முறை வராததால் அடைத்தே கிடந்தன. தண்ணீர் நேரே அவருடைய வயலுக்கு வந்தது. மனைவி அவரையும் தண்ணீரையும் பார்த்தாள். உடனே தம்பி கடைக்கு ஆள் அனுப்பினாள். அவன் யாரிடமோ இரவல் கேட்டுப் பவர் டில்லரை ஓட்டிக்கொண்டு வந்தான்.

"யாரு மாமா தண்ணி விட்டது?"

"நான்தான்."

"வெளையாடாதீங்க. யாரு?"

பாதி வயல் சேறாகியிருந்தபோது தலைமடைக்காரர் வரப்பில் வருவது தெரிந்தது. தோளில் மண்வெட்டி. அவசரமில்லாமல் வந்தார். மச்சினன் டில்லரை அணைத்தான். கடைமடைக்காரர் முழங்கால் அளவு சேற்றுக்குள் நின்றதால் அவர் கால் நடுங்குவது வெளியே தெரியவில்லை.

"என் மடையை யாரு அடைச்சது?"

"தண்ணி அதுவா இந்தப் பக்கம் வந்துச்சுங்க, நாங்க என்னன்னு..." என்று மச்சினன் ஆரம்பித்தான்.

"நான்தாங்கண்ணே," என்றார் கடைமடைக்காரர்.

தலைமடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீயா? நீ அடைக்க மாட்ட. யாரு சொல்லிக் குடுத்தது? அந்த ஆபீசரம்மாவா?"

"இல்லைங்க."

"ஏம்மா, நீயா?"

"எனக்கும் இப்பத்தான் தெரியும்," என்றாள் மனைவி.

"டேய் சைக்கிள் கடை. உன் வேலைதானே?"

"நான் சத்தியமா இல்லைங்க. எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது."

தலைமடைக்காரர் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார். கடைமடைக்காரர் தன்னுடையதை இரண்டு கையாலும் நீட்டினார், முறித்துக்கொள்ளுங்கள் என்பது போல. தலைமடைக்காரர் அதை வாங்கவில்லை. இவ்வளவு பயந்த ஒருவன் இதைச் செய்தான் என்றால் அதில் ஏதோ சூது இருக்கிறது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். "கூட்டத்துல பேசிக்கலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்த் தன் மடையைத் திறந்தார். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது கடைமடைக்காரருக்கு.

அதற்குள் கடைமடை வயலில் சேறடிக்கப் போதுமான தண்ணீர் தேங்கிவிட்டது. இரண்டாவது வயலிலோ ஒரு பொழுது தண்ணீர் தவறிப்போனதில் சேறு பதத்துக்கு வரவில்லை. மறுநாள் அங்கே நட முடியாது. நடவக்கா தன் பெண்களோடு வரப்பில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

"சும்மா உக்காந்தா இடுப்பு பிடிச்சுக்கும்," என்று எழுந்தாள். "கடைசில சேறு கிடக்காம். நம்மளுக்குச் சேறு யாரோடதுன்னு என்ன?"

நாற்றைப் பறித்துக் கட்டுக் கட்டாகக் கீழே சுமந்து, பொழுது சாய்வதற்குள் நட்டு முடித்தார்கள். கடைசிக் கட்டுகளில் சில தண்டுகள் ஏற்கெனவே கணு விட்டிருந்ததை நடவக்கா விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஓரத்தில் நட்டாள். அவள் சொல்லாததையும் அவர் பார்த்துவிட்டார்.

கூட்டம் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நடந்தது. நிலத்துக்காரர்கள் எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, இவர் நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார், உடனே எழுந்து நின்றுகொண்டார். முறை தவறித் தண்ணீர் எடுத்தவருக்குப் பருவத்தின் கடைசித் தண்ணீர் கிடையாது என்று முடிவாயிற்று. கதிரில் பால் ஏறுகிற காலத்துத் தண்ணீர் அது. அது இல்லாமல்தான் இரண்டு வருஷம் அவருக்குப் பதராகப் போனது. அது எல்லோருக்கும் தெரியும்.

"ஏதாவது சொல்றதுன்னா சொல்லுப்பா," என்றார் தலைமடைக்காரர்.

"சரிங்க," என்றார்.

அன்றைக்கு மனைவி தட்டை வைத்த சத்தத்தில் எல்லாம் இருந்தது.

பயிர் பிடித்தது. ஆனால் பயம் விடவில்லை. மற்ற வயல்கள் உயர்ந்து அடர்ந்து வெறும் பச்சையாக நின்ற நேரத்தில் இவருடைய குட்டைப் பயிரில் கதிர் எட்டிப் பார்த்தது. இந்த நெல் இப்படித்தான் முன்னதாகக் கதிர் விடுமா, அல்லது ஆபீசரம்மா சொன்ன அந்த முற்றிய நாற்றின் கோளாறா? இரண்டுமே முன்னதாகத்தான் வரும். எதுவென்று எப்படித் தெரியும்?

"உங்க பயிர்தானே, மாமா. யாரோ அதட்டியிருப்பாங்க, பயந்து போய்க் கதிரை விட்டிருச்சு," என்றான் மச்சினன்.

ஓரத்தில் நட்ட வரிசைகளில் கதிர் நிஜமாகவே சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது. உள்ளே போகப் போக நீண்டது. அவர் தினமும் ஓரத்தைப் பார்த்து நடுங்குவார், உள்ளே போய்க் கொஞ்சம் தேறுவார், திரும்பி வரும்போது மறுபடி ஓரத்தைப் பார்ப்பார். சுற்றிலும் வேறெங்கும் கதிரே இல்லாததால் அந்த வட்டாரத்துக் குருவியெல்லாம் அந்த ஒரே வயலில் இறங்கியது. அவரும் மனைவியும் மகளும் மாறி மாறித் தகர டப்பாவைத் தட்டினார்கள். குருவியை விரட்டும்போதுகூட அவர் கொஞ்சம் தணிந்த குரலில்தான் விரட்டினார்.

கடைசித் தண்ணீர் வாய்க்காலில் வந்த அன்று அவருடைய கதிர்கள் மஞ்சளாகித் தலை சாய்ந்திருந்தன. அறுப்புக்காக வயலை வடித்ததில் தரை கால் பதியாத அளவுக்குக் காய்ந்திருந்தது. மறுநாள் அறுக்க நடவக்காவிடம் சொல்லியும் ஆயிற்று.

அவர் வரப்பில் நின்றிருந்தபோது வாய்க்காலில் சத்தம் கேட்டது. சருகைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நேரே அவருடைய மடைக்கு.

என்ன நடந்தது என்று பின்னால் தெரிந்தது. தண்டனை அதிகம் என்று தலைமடைக்காரருக்கு இரண்டு மூன்று நாளாகவே மனசு உறுத்தியிருக்கிறது. பொண்டு பிள்ளையோடு இருக்கிறவன், பாவம், போகட்டும் என்று, யாரிடமும் கேட்காமல், தன் வயலுக்குக்கூடப் பாய்ச்சாமல், முதல் தண்ணீரையே கடைமடைக்குத் திருப்பி விட்டிருந்தார்.

இவருக்கு அப்போது தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். இந்தத் தண்ணீர் உள்ளே போனால் காய்ந்த தரை இளகும், கனத்த கதிர் சாயும், சாய்ந்த நெல் ஈரத்தில் முளை விட்டுவிடும். மண்வெட்டி வீட்டில் இருந்தது. கையால் மண்ணை அள்ளிப் போட்டார், கரைந்துகொண்டு போயிற்று. வேறு வழி தோன்றாமல் மடையின் வாயில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் முதுகில் மோதி இரண்டு பக்கமும் வழியப் பார்த்தது. இரண்டு கையையும் விரித்துச் சேற்றை இழுத்து அணைத்துக்கொண்டார்.

நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்துத்தான் தலைமடைக்காரர் தண்ணீரின் பின்னாலேயே வந்திருப்பார்.

"என்னப்பா பண்ற?"

"வேண்டாங்கண்ணே."

"என்ன வேண்டாம்?"

"தண்ணி வேண்டாங்க."

"நானே குடுக்கிறேன். வேண்டாங்கிறியா?"

அந்தக் குரல் உயர்ந்ததில் இவர் சேற்றை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார். எழுந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். எழுந்து வழிவிட்டுச் 'சரிங்க' என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்றும் ஒரு கணம் தோன்றியது.

"வேண்டாங்க. முத்திருச்சு. நாளைக்கு அறுப்பு."

"இப்பவா? எனக்கு இப்பத்தான் கதிர்ல பாலே ஏறுது."

தலைமடைக்காரர் இவரைத் தாண்டி வயலுக்குள் இறங்கினார். ஓரத்தில் ஒரு கதிரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். உள்ளே போய் ஒன்றை உருவி, உள்ளங்கையில் தேய்த்து, ஊதி, இரண்டு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தார். கடைமடைக்காரர் அந்தக் கடிக்கிற சத்தத்துக்காகக் காத்திருந்தார். டக்கென்று கேட்டது. காய்ந்த மணியின் சத்தம்.

தலைமடைக்காரர் வாயிலிருந்த உமியைத் துப்பினார். பிறகு வரப்பேறி, வாய்க்காலின் மறுகரையை வெட்டித் தண்ணீரை வடிகாலில் திருப்பினார்.

"எந்திரி. தண்ணிக்குள்ளயே உக்காந்திருக்க."

எழ முடியவில்லை. கால் மரத்துப்போயிருந்தது. தலைமடைக்காரர் மண்வெட்டிக் காம்பை நீட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

மற்ற வயலெல்லாம் பச்சையாக நின்றதால் அறுவடைக்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. ஓரத்து நெல் பாதிதான் தேறியது. உள்ளே இருந்தது பழைய நெல்லின் நல்ல வருஷத்து விளைச்சலுக்குக் கொஞ்சம் மேலேயே வந்தது. குதிர் நிறைந்து, மிச்சத்தை நடைவழியில் அடுக்கினார்கள். பக்கவாட்டில் திரும்பித்தான் அடுப்படிக்குப் போக முடிந்தது. மச்சினன் நகரத்துக்குப் போன் பண்ணி, காவல்காரர் வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளும்படி சொன்னான். "எங்க ஆளு இப்ப சரியில்லைங்க, வேண்டாம்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாரு," என்று அவன் சொன்னது வாசல் வரைக்கும் கேட்டது.

அடுத்த பருவத்துக்கு விதை வேண்டும் என்று தலைமடைக்காரர் கேட்டார். அவரைப் பார்த்து மற்ற நான்கு பேரும் கேட்டார்கள். எல்லோருக்கும் "சரிங்க" என்று சொன்ன பிறகுதான் அவருக்குத் திக்கென்றது. மேலே நடுகிறவருக்கு ஒன்றுமில்லை. நடுவில் இருப்பவர்கள் எல்லோரும் வழக்கம்போல அதே நாளில் விதைத்தால் என்ன ஆகும்? அவரவர் தண்ணீர் வருகிற நாளைக் கணக்குப் பார்த்து ஆளுக்கு ஒரு நாளில் விதைக்க வேண்டும். அதைக் கூட்டத்தில் யாராவது எழுந்து சொல்ல வேண்டும். சொல்லத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அவர் சொல்லிப் பார்த்தார். "எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணுங்க..." அங்கேயே நின்றுபோனது. மறுபடி ஆரம்பித்தார். மறுபடி நின்றார்.

மனைவி திரும்பாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள். "இன்னும் கொஞ்சம் சத்தமா."